காலடிக் காற்று – 6: வாசலில் அடித்த மணி

பாறையில் யுரேனியம், அதன் வழிவந்த ரேடியம், அதிலிருந்து நிறமும் மணமும் இல்லாத ரேடான்: இதையெல்லாம் சென்ற வாரமே பார்த்தாயிற்று. தரைக்கடியில் போடும் தடுப்பு விரிப்பைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஸ்டான்லி வாட்ராஸின் கதை கிடைத்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை.

1984 டிசம்பர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையம். அங்கே கட்டுமானப் பொறியாளராக இருந்த வாட்ராஸ், வாசலில் இருந்த கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியைத் தொடங்கவே இல்லை. அப்படியானால் அவர் உடையில் கதிரியக்கம் எப்படி ஒட்டியது? ஒரு நாள் காலை, வேலைக்கு உள்ளே நுழையும்போதே அந்தக் கருவியில் நின்று பார்த்தார். அப்போதும் மணி அடித்தது. அவர் அதைக் கொண்டுவந்தது வீட்டிலிருந்து!

போயர்டவுன் அருகே இருந்த அவர் வீட்டை அளந்தார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009இல் பரிந்துரைத்த அளவு 100. ஆயிரம் மடங்கு! அந்த வீட்டில்தான் குழந்தைகளும் தூங்கியிருக்கிறார்கள். ரேடான் சிதைந்து பிறக்கும் பொலோனியமும் பிஸ்மத்தும் தூசியிலும் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். மூச்சோடு போனால் நுரையீரலிலும் ஒட்டும். குடும்பம் உடனே வீட்டைக் காலி செய்தது.

அவ்வளவு வாயு வீட்டுக்குள் எப்படி வந்தது? வீடே இழுத்துக்கொண்டது என்பதுதான் பதில். குளிர்காலத்தில் உள்ளே சூடேறிய காற்று மேலெழும்பி மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். அப்போது கீழ்த்தளத்தில் அழுத்தம் சற்றே குறையும். குறைவது சில பாஸ்கல்தான். நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். அந்தச் சொற்ப வித்தியாசமே போதும், இளநீரை உறிஞ்சும் குழல் போல வீடு மண்ணின் காற்றை உறிஞ்ச. கான்கிரீட் விரிசல், சுவரும் தரையும் சேரும் மூலை, குழாய் நுழையும் துளை எல்லாமே அதற்கு வழி. ஆகவே விரிசலைப் பூசி அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அழுத்தத்தைத் திருப்பிவிட வேண்டும்.

வழி எளியது. தரையில் ஒரு துளையிட்டு, அடியில் கொஞ்சம் மண்ணை அள்ளிக் குழி செய்து, அதிலிருந்து ஒரு பிவிசி குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோகிறார்கள். குழாயில் ஒரு மின்விசிறி ஓயாமல் ஓடும். தரைக்கடியில் உள்ள அழுத்தம் வீட்டினுள் இருப்பதைவிடக் குறைந்துவிடும். வாயு வீட்டுக்குள் வராமல் குழாய் வழியே வானத்துக்குப் போய்க் கலைந்துவிடும். விசிறியை வசிக்கும் அறையிலோ அதற்குக் கீழேயோ வைக்கவே கூடாது. விசிறிக்கு மேலே குழாயில் ஒரு கசிவு இருந்தாலும், திரட்டிய ரேடானை அதுவே அறைக்குள் ஊதிவிடும்.

இதெல்லாம் கட்டி முடித்த வீட்டுக்கு. புதிதாகக் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்திலேயே முந்திக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் பகுதிகளில் 1,200 கேஜ் பாலித்தீன் விரிப்பைப் போடுகிறார்கள். தரையோடு நின்றால் போதாது. இரட்டைச் சுவரின் இடைவெளியையும் கடந்து வெளிச்சுவர் வரை அது போக வேண்டும். அயர்லாந்தில் 1998 முதல் புது வீடுகளில் உறிஞ்சு குழியையும் முன்கூட்டியே அமைத்துவிடுகிறார்கள். பின்னால் அளவு கூடினால் விசிறி பொருத்தினால் போதும்.

விரிப்பைத் தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் துளைத்துக்கொண்டு வரும் இடங்களில்தான் வேலை கெடுகிறது. அவற்றை அடைக்கும் முறை அடுத்த வாரம்.