வளைகுடாவில் பெருகும் தொப்பை: பாலின ஹார்மோன்களின் பங்கு என்ன?

உடல் பருமனும் நீரிழிவு நோயும் உலகில் மிக அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் ஒன்றாக வளைகுடா நாடுகள் விளங்குகின்றன. இந்தப் பாதிப்பு அந்நாடுகளின் குடிமக்களோடு நின்றுவிடவில்லை. வேலை தேடி அங்கு சென்றுள்ள தெற்காசியர்களும், அவர்களிடையே பெரும் எண்ணிக்கையில் உள்ள தமிழர்களும் இதற்கு ஆளாகி வருகின்றனர்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு மதிப்பீடுகளின்படி, ஐக்கிய அரபு எமிரேட்ஸில் வயதுவந்த ஆண்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் உடல் பருமன் உடையவர்கள். பெண்களிடையே இது ஐந்தில் இருவர். அந்நாட்டில் வாழும் வெளிநாட்டவரிடையே சார்ஜா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010களில் மேற்கொண்ட ஆய்வொன்று, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது.

உணவுப் பழக்கம், கடும் வெப்பத்தால் குறையும் நடமாட்டம், இனிப்புப் பானங்கள் ஆகியவையே இதற்குக் காரணங்களாகப் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. அவை உண்மையான காரணங்களே. ஆனால் ஒரே உணவை உண்ணும் இருவரில் ஒருவருக்கு வயிற்றிலும், மற்றவருக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வது ஏன்? இதற்கான விடையின் பெரும்பகுதி பாலின ஹார்மோன்களில் இருக்கிறது.

அளவைவிட இடம் முக்கியம்

பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ஷான் வாக், கொழுப்பு சேரும் இடத்தின் முக்கியத்துவத்தை 1947ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். வயிற்றுப் பகுதியில் சேர்வதை ஆண் வகைப் பருமன் என்றும், இடுப்பிலும் தொடையிலும் சேர்வதைப் பெண் வகைப் பருமன் என்றும் அவர் பிரித்தார். நீரிழிவும் இரத்தக்குழாய் நோய்களும் முதல் வகையோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன என்பது அவரது கணிப்பு. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின.

இதற்குக் காரணம் உண்டு. தோலுக்கடியில், குறிப்பாகத் தொடையில் சேரும் கொழுப்பு, நீண்டகாலச் சேமிப்பைப் போன்றது. எளிதில் இரத்தத்தில் கலக்காது. குடல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்போ எளிதில் கரைந்து, குடலிலிருந்து வரும் இரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலைச் சென்றடைகிறது. கல்லீரலில் கொழுப்பு படிந்தால் இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் உயர்கின்றன.

பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தரும் பாதுகாப்பு

பருவமடைந்தது முதல் மாதவிடாய் நிற்கும் வரை, பெண்ணின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் கொழுப்பை இடுப்புக்கும் தொடைக்கும் திருப்பிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் தாய்ப்பால் சுரக்கும் காலத்தில் இந்தச் சேமிப்பு உதவுகிறது. பசியைக் கட்டுப்படுத்துவதிலும், உடல் எரிசக்தியைச் செலவிடும் வேகத்திலும் மூளை வழியாக ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு இருப்பதை விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டியுள்ளன.

மாதவிடாய் நிற்கும்போது இந்தப் பாதுகாப்பு விலகுகிறது. எடை அதிகம் மாறாவிட்டாலும் கொழுப்பு இடம் மாறி வயிற்றை நோக்கி நகர்கிறது. மேற்கத்திய நாடுகளில் சராசரியாக ஐம்பது வயதை ஒட்டி நிகழும் இம்மாற்றம், இந்தியப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே நிகழ்கிறது. கருப்பைகளோடு சினைப்பைகளும் அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்டவர்களுக்கு இது இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இளம் பெண்களிடையே இதற்கு வேறொரு வடிவம் உண்டு. சினைப்பையில் நீர்க்கட்டிகள் என்று பரவலாக அறியப்படும் பாதிப்பில் ஆண் ஹார்மோன்கள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. வயிற்றில் கொழுப்பு சேர்கிறது. இன்சுலின் சரிவரச் செயல்படுவதில்லை. பத்துப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இப்பாதிப்பு இருக்கலாம் என்பது உலக அளவிலான மதிப்பீடு. மாதவிடாய் ஒழுங்கின்மையும் முகத்தில் வளரும் முடியும் அழகு சார்ந்த சிக்கல்களாக மட்டும் பார்க்கப்பட்டு, அவற்றின் பின்னுள்ள நீரிழிவு அபாயம் கவனிக்கப்படாமல் போவதுண்டு.

ஆண்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் தேவை

ஆண்களின் நிலை சற்று எதிர்பாராதது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன் பெண்களின் ஹார்மோன் என்ற பிரிவினை முழுமையானதல்ல. ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. 20 முதல் 50 வயது வரையிலான ஏறத்தாழ 400 ஆண்களின் இயற்கையான ஹார்மோன் சுரப்பை மருந்தால் நிறுத்தி, அவர்களில் பெரும்பாலோருக்கு வெவ்வேறு அளவுகளில் டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்கு அது ஈஸ்ட்ரோஜனாக மாறாதவாறும் தடுக்கப்பட்டது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தபோது தசையும் வலுவும் குன்றின. ஆனால் உடல் கொழுப்பு கூடியதற்கு முதன்மையான காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததே என்று தெரியவந்தது.

விடாத சுழல்

ஹார்மோன் கொழுப்பைப் பாதிப்பது போலவே கொழுப்பும் ஹார்மோனைப் பாதிக்கிறது. தொப்பை வளர வளர, இன்சுலினின் ஆற்றல் குறைந்து, இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து செல்லும் புரதத்தின் அளவும் சரிகிறது. சுரப்பைத் தூண்டும் மூளையின் சமிக்ஞைகளும் மங்குகின்றன. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் தசை குறைகிறது. தசை குறைந்தால் உடல் செலவிடும் எரிசக்தி குறைகிறது. மீண்டும் தொப்பை வளர்கிறது. எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோன் தானாகவே உயர்வது, இச்சுழலை மறுபக்கத்திலிருந்து அறுக்க முடியும் என்பதற்குச் சான்று.

தெற்காசியர்கள் இச்சுழலில் குறைந்த எடையிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். கைகால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் முன்தள்ளிய தோற்றம் நமக்குப் பழக்கமானதே. இதனால்தான் சர்வதேச நீரிழிவு சம்மேளனம், தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவை அபாய எல்லையாக வகுத்துள்ளது. ஐரோப்பிய ஆண்களுக்கு அந்த எல்லை 94 சென்டிமீட்டர்.

வளைகுடா வாழ்க்கை இச்சுழலை வேகப்படுத்தக்கூடியது. சுழற்சி முறை வேலை, நெரிசலான தங்குமிடங்கள், நள்ளிரவில் ஊருடன் தொலைபேசி உரையாடல் ஆகியவற்றால் பறிபோவது உறக்கம். டெஸ்டோஸ்டிரோன் பெருமளவில் சுரப்பது உறக்கத்தின்போதுதான். ஒரே வாரம் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிய இளைஞர்களுக்கு அதன் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். சோறு, பரோட்டா, சர்க்கரை மிகுந்த கரக் தேநீர் என்று அமையும் உணவு இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

ஊசியும் களிம்பும் தீர்வாகுமா?

ஹார்மோன் குறைபாடுதான் காரணம் என்றால் ஹார்மோனைக் கொடுத்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆஸ்திரேலியாவில் தொப்பையும் நீரிழிவு அபாயமும் கொண்ட 50 வயதுக்கு மேற்பட்ட ஆயிரம் ஆண்களிடம் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், உணவு, உடற்பயிற்சித் திட்டத்துடன் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் பெற்றோரில் 12 சதவீதத்தினருக்கு இரண்டாண்டு முடிவில் நீரிழிவு காணப்பட்டது. ஊசி பெறாதோரிடையே இது 21 சதவீதம். ஆனால் ஊசி பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தம் அபாயகரமான அளவுக்குக் கெட்டிப்பட்டது.

இளம் ஆண்களுக்கு வேறொரு ஆபத்தும் உள்ளது. வெளியிலிருந்து செலுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோன், விந்தணு உற்பத்தியை முடக்கிவிடும். உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளை நம்புபவர், குழந்தைப்பேற்றை எதிர்பார்த்து ஆண்டுக்கு ஒரு மாத விடுமுறையில் ஊர் திரும்பும் கணவராகவும் இருக்கலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் தரப்படும் ஹார்மோன் சிகிச்சையும் கடும் உடல் வெம்மை போன்ற தொல்லைகளுக்கானதே. எடைக் குறைப்புக்கான மருந்தாக அது பரிந்துரைக்கப்படுவதில்லை.

எமிரேட்ஸ் அரசு 2017ஆம் ஆண்டில் குளிர்பானங்கள் மீது 50 சதவீத வரியும், ஊக்க பானங்கள் மீது 100 சதவீத வரியும் விதித்தது. கட்டாய மருத்துவக் காப்பீடு 2025ஆம் ஆண்டில் வட எமிரேட்டுகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எனினும் வசிப்புரிமைக்கான மருத்துவப் பரிசோதனை, முதன்மையாகக் காசநோய், எச்.ஐ.வி. போன்ற தொற்றுநோய்களைக் கண்டறிவதற்கானது. அதில் தேறியவர் நீரிழிவு அபாயம் இல்லாதவர் என்று பொருளல்ல.

நாற்பதுகளில் கணவர் வளைகுடாவிலும் மனைவி தமிழ்நாட்டிலுமாக வாழும் குடும்பங்களில், இருவருடைய உடலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இம்மாற்றத்தைச் சந்திக்கிறது. இருவருக்கும் பொருந்தும் முதல் பரிசோதனைக்குச் செலவு ஏதுமில்லை: தையல்காரரின் அளவு நாடாவால் வயிற்றின் சுற்றளவை அளந்து பார்ப்பது. எல்லையைத் தாண்டியிருந்தால் அடுத்த படி, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை.