தேக்கு என்று விற்கப்படும் அலுமாரி: வெனியர் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் ‘தேக்கு’ என்ற சொல்லுக்குத் தனி விலை உண்டு. கலியாணத்துக்கு அலுமாரி வாங்கினாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் புது வீடு கட்டிக் கதவு போட்டாலும் கேட்கப்படும் முதல் கேள்வி ‘தேக்கோ?’ என்பதுதான். கடைக்காரரும் தயங்காமல் ‘ஓம்’ என்பார். பெரும்பாலான வேளைகளில் அது முழுப் பொய்யும் அல்ல, முழு உண்மையும் அல்ல. கண்ணுக்குத் தெரிவது தேக்குத்தான். ஆனால் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர். அதற்குக் கீழே இருப்பது வேறு பலகை.

இந்தக் கட்டுரைக்காக யாழ்ப்பாண நகர், திருநெல்வேலி, சுன்னாகம் பக்கக் கடைகளில் அலுமாரிக் கதவுகளைத் திறந்து, லாச்சிகளை இழுத்து, பின்பக்கப் பலகைகளைத் தட்டிப் பார்த்தேன். மரவேலைத் தளங்களில் ஓடாவிமாருடனும் கதைத்தேன். ‘வெனியர்’ என்ற சொல்லைக் கேட்டதும் வாங்குபவர்கள் ‘அது டுப்ளிக்கேட்’ என்று முகம் சுழிக்கிறார்கள். விற்பவர்களோ அந்தச் சொல்லையே தவிர்க்கிறார்கள். இரு தரப்பின் மௌனத்துக்கும் நடுவில் ஏமாறுவது பெரும்பாலும் வாங்கும் குடும்பம்தான்.

வெனியர் என்றால் என்ன?

உண்மையான மரத்திலிருந்து மெல்லிய தாளாகச் சீவி எடுக்கப்படுவதே வெனியர். இன்று சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் அரை மில்லிமீற்றர் அளவு தடிப்பானவை. எடுக்கும் முறை இரண்டு. முதலாவது, மரக்குற்றியை ஊறவைத்து அல்லது அவித்து, சுழலவிட்டு, நீண்ட கத்தியால் பாய் சுருள் விரிவதுபோல உரிப்பது. ஒட்டுப்பலகை செய்யும் தாள்கள் பெரும்பாலும் இப்படி வருபவை. இரண்டாவது, குற்றியைப் பிளந்து தட்டையாகச் சீவுவது. அழகான ரேகை வேண்டிய தேக்கு வெனியர்கள் இப்படி எடுக்கப்படுகின்றன. அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களைப் புத்தகம் விரிப்பதுபோலத் திறந்து பக்கம் பக்கமாக ஒட்டினால், ஒரு பக்கத்து ரேகை மறுபக்கத்தில் கண்ணாடி விம்பமாகத் தெரியும்.

வெனியரோடு பலர் குழப்பிக்கொள்வது மெலமைன் பலகையை. அதில் மரமே இல்லை. மர ரேகையை அச்சிட்ட கடதாசியைப் பிசினில் தோய்த்து, துகள்பலகை அல்லது எம்.டி.எஃப் மேல் அழுத்தியது அது. நிறத்தில் தேக்குப்போல இருக்கும், விலையில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே கடையில் காணும் ‘தேக்கு’ மூன்று வகைப்படும்: முழு மரம், தேக்கு வெனியர் ஒட்டிய பலகை, தேக்குப் படம் ஒட்டிய பலகை.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மேசை மேற்பலகையின் அந்தத்தைப் பாருங்கள். முழு மரமானால், மேலே நீளமாக ஓடும் ரேகை அந்தத்துக்கு வந்ததும் முடிந்து, அங்கே குறுக்குவெட்டு முகம், அதாவது சிறு சிறு துளைகளும் வளைய வரிகளும் தெரிய வேண்டும். வெனியர் என்றால் அந்தத்திலும் நீள ரேகையே ஓடும், அல்லது தனியாக ஒட்டிய பட்டி தெரியும்.

அடுத்து, ஒரே கண்ணு, ஒரே சுழி அதே அளவில் வேறோரிடத்தில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அச்சிட்ட படத்தில் அச்சொட்டாக அதுவே மறுபடி வரும். வெனியரில் பக்கத்துத் தாள்கள் ஒத்திருந்தாலும் சிறு வித்தியாசம் இருக்கும். நகத்தால் மெதுவாகத் தடவினால் தேக்கு வெனியரில் நுண்துளைகள் தட்டுப்படும், ஆனால் தடித்த வார்னிஷ் பூசியிருந்தால் இந்தச் சோதனை எடுபடாது. கடைசியாக, பிணைச்சல் பொருத்திய இடம், லாச்சியின் அடிப்பக்கம், பின்பலகை ஆகியவற்றைப் பாருங்கள். முகத்தை அலங்கரிப்பவர்கள் முதுகை மறந்துவிடுவார்கள்.

மலிவுக்காக மட்டுமா?

இல்லை. மரம் வெட்டிய பின்னும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, வெளிவிடுகிறது. அப்போது அது நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். குடாநாட்டுக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. பிறகு மாதக்கணக்கில் வெயிலும் சோளகக் காற்றும். இந்த மாற்றத்தில் அகலமான முழுப் பலகை வளைவதும் வெடிப்பதும் புதுமையல்ல. மாரியில் இறுகிப்போகும் கதவு கோடையில் தானாகச் சாத்துப்படுவதை எல்லா வீட்டிலும் காணலாம்.

ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் ரேகை நீளவாக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்காகவும் இருப்பதால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. அதன்மேல் நல்ல வெனியர் ஒட்டினால் அகலமான அலுமாரிக் கதவும் நேராக நிற்கும். எகிப்தில் சக்காராவில் கிடைத்த, நாலரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைமையான சவப்பெட்டி ஒன்றின் பலகை ஆறு மெல்லிய அடுக்குகளால் ஆனது. தூத்தன்காமுனின் கல்லறையிலும் கருங்காலியும் தந்தமும் மெல்லியதாக ஒட்டிய பொருட்கள் இருந்தன. அரசர்களின் பொருட்களுக்குச் செய்த வேலை இது. அரிய மரத்தைச் சிக்கனமாகப் பாவிக்கவே அது தொடங்கியது. 1806இல் இங்கிலாந்தில் மார்க் புரூனெல் வெனியர் அறுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற பின்னர்தான் அது சாதாரண வீடுகளுக்கும் பரவி, கூடவே ‘மேற்பூச்சு’ என்ற கெட்ட பெயரையும் எடுத்துக்கொண்டது.

சிங்கராஜாவும் வன்னியும்

இலங்கையில் மரத்தைத் தாளாக உரிக்கும் தொழில் தளபாடத்துக்காகத் தொடங்கவில்லை, தேயிலைப் பெட்டிக்காகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதி தடைப்பட்டபோது அரசு ஆரம்பித்த தொழிற்சாலைகளில் ஒன்று காலிக்கு அருகே ஜின்தோட்டையில் இருந்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை. பின்னர் கொஸ்கமவில் பெரிய ஆலை ஒன்று எழுந்தது. 2016 ஜூனில் சாலாவ ஆயுதக் களஞ்சியம் வெடித்ததால் நாம் அறிந்த அதே கொஸ்கமதான். அந்த ஆலைக்கு மரம் கொடுக்க 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜா மழைக்காட்டுக்குள் இயந்திரங்கள் இறங்கின. சூழலியலாளர்களும் பொதுமக்களும் தொடர்ந்து எதிர்த்ததில் 1977இல் வெட்டு நிறுத்தப்பட்டது. 1988இல் சிங்கராஜா யுனெஸ்கோவின் உலக மரபுரிமையானது.

இந்தக் கதையை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வெனியர் காட்டைக் காப்பாற்றும் என்று விற்பனைப் பத்திரங்கள் சொல்கின்றன. கணக்குப்படி அது சரி: 25 மில்லிமீற்றர் தடிப்பான ஒரு பலகைக்குப் போகும் மரத்தில் 0.6 மில்லிமீற்றர் தாள் ஏறத்தாழ 40 சீவலாம். ஆனால் சிங்கராஜாவைத் தின்ன வந்ததும் இதே தொழில்தான். சிக்கனமான தொழில்நுட்பம் காட்டைத் தானாகக் காப்பதில்லை. மரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் காக்கும்.

அந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதல்ல. வன்னியிலிருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றி வந்த முதிரை, தேக்கு மரக்குற்றிகள் பிடிபட்ட செய்தியை அடிக்கடி வாசிக்கிறோம். அந்தக் குற்றிகள் யாரோ ஒருவரின் வீட்டு நிலையாகவோ, கட்டிலாகவோ ஆக இருந்தவை. ‘முழுத் தேக்குத்தான் வேணும்’ என்ற நமது பிடிவாதத்துக்கும் அந்த லொறிகளுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. குடாநாட்டின் சொந்த மரமான பனையை எடுத்தால், போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டவை ஏராளம். இன்று பனை தறிக்க அனுமதி வேண்டும், வேண்டியதும்தான். வைரம் பாய்ந்த பனஞ்சலாகை கூரைக்கு ஈடில்லாதது. ஆனால் வெளிப்புறம் இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருக்கும் பனையை அகலப் பலகையாக்கி அலுமாரி செய்ய முடியாது.

தொடங்க விரும்புபவர்களுக்கு

வெனியர் ஒட்டப் பெரிய ஆலை தேவையில்லை. சிறு மரவேலைத் தளத்திலோ, வீட்டு விறாந்தையிலோ பழகலாம். முதலில் ஒரு அடிச் சதுரத் தட்டு அல்லது பெட்டி மூடி போதும். அலுமாரியில் தொடங்க வேண்டாம்.

தேவையானவை: 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை அல்லது எம்.டி.எஃப் துண்டு, வெனியர் தாள், பி.வி.ஏ. எனப்படும் வெள்ளை மரப்பசை, கூரான கத்தி, இரும்பு அடிமட்டம், அரத்தாள், மின்னழுத்தி. வெனியரைக் கொழும்பு, மொரட்டுவைப் பக்கம் இருந்து எடுப்பிக்கலாம். பெரிய வேலை செய்யும் தளங்களில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கினால் பழகச் செலவே இல்லை.

முதலாவது, அடிப்பலகை சமமாகவும் தூசி இல்லாமலும் இருக்க வேண்டும். கீழே ஒரு மணல் துணிக்கை கிடந்தாலும் மேலே மேடாகத் தெரியும்.

இரண்டாவது, வெனியரைப் பலகையைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டாமல் மெதுவாக நாலைந்து முறை கீறுங்கள். ரேகைக்குக் குறுக்காக வெட்டும்போது ஓரத்தில் ஒட்டுநாடா போட்டால் பிளக்காது. தாள் நெளிந்திருந்தால் இலேசாகத் தண்ணீர் தெளித்து, கடதாசிகளுக்கு நடுவே வைத்து, இரண்டு பலகைக்கிடையில் ஒரு இரவு பாரம் ஏற்றுங்கள். அது நன்றாக உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும்.

மூன்றாவது, முதலில் விளிம்புகள், பிறகு முகம். விளிம்பில் ஒட்டிய பட்டியை மட்டமாகச் சீவிய பின் முகத்தை ஒட்டினால், மேலிருந்து பார்க்கும்போது பொருத்து தெரியாது.

நான்காவது, பசை. தொடக்கக்காரருக்கு எளியது மின்னழுத்தி முறை. பலகையிலும் வெனியரின் பின்பக்கத்திலும் மெல்லியதாக, இடைவெளி விடாமல் பசை பூசுங்கள். வெள்ளை நிறம் மாறிக் கண்ணாடிபோல ஆகும்வரை காயவிடுங்கள். பிறகு வெனியரை வைத்து, மேலே ஒரு வெள்ளைக் கடதாசி போட்டு, நீராவி இல்லாமல் சூடான மின்னழுத்தியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தேயுங்கள். காய்ந்த பசை சூட்டில் இளகி இரண்டையும் பிடிக்கும். உடனே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டே ஆறவிடுங்கள்.

பெரிய முகங்களுக்கு அழுத்த முறையே நல்லது. பலகையில் மட்டும் ஈரப்பசை பூசி, வெனியரை வைத்து, பொலித்தீன் விரித்து, மேலும் கீழும் தடித்த பலகை கொடுத்து, நடுவிலிருந்து தொடங்கி கிளாம்ப் இறுக்கி ஒரு இரவு விடுவார்கள். நமது வெயிலில் பசை சீக்கிரம் இழுத்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, காலை வேளையில் பூசுவது புத்தி.

ஐந்தாவது, பலரும் விடுவது: பின்பக்கத்திலும் வெனியர் ஒட்ட வேண்டும். ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் பசையும் தாளும் காயும்போது பலகையை அந்தப் பக்கம் இழுக்கும். பின்னால் விலை குறைந்த மரத்தாளாக இருந்தாலும் பரவாயில்லை, இரு பக்கமும் சமமாக இழுபட வேண்டும்.

ஆறாவது, மெருகு. இருப்பது அரை மில்லிமீற்றர் என்பதை மறக்காதீர்கள். தேய்க்கும் இயந்திரம் வேண்டாம். அரத்தாளை மரக்கட்டையில் சுற்றி, 180இலும் பிறகு 240இலும் ரேகையோடு கையால் தேயுங்கள். இரு பக்கமும் ஒரே அளவு வார்னிஷ் பூசுங்கள்.

விரலால் தட்டிப் பாருங்கள். வெறுமையான சத்தம் வந்தால் உள்ளே காற்றுக் குமிழி. ரேகையோடு சிறு கீறல் போட்டு, ஊசியால் பசை செலுத்தி, பாரம் வைத்தால் சரியாகும். எம்.டி.எஃப் அறுக்கும்போது முகக்கவசம் கட்டாயம். அதன் தூசி மிக நுண்மையானது, பிசினில் ஃபோர்மால்டிஹைட் உண்டு.

பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்

எங்கே எது பொருந்தும் என்பதிலும் நிதானம் வேண்டும். தண்ணீரில் ஊறிய எம்.டி.எஃப் திரும்பப் பழைய நிலைக்கு வராது. மாரியில் வெள்ளம் ஏறும் வீடுகளில் தரையைத் தொடும் கால்களும் அடிச்சட்டமும் முழு மரமாக இருக்கட்டும், அகலமான கதவும் பக்கப் பலகையும் வெனியராக இருக்கட்டும். வெளிவாசல் கதவு, குளியலறை, அடிக்கடி துடைக்கும் சமையல் மேடை ஆகியவற்றுக்கு வெனியர் வேண்டாம். கறையான் உள்ள நிலத்தில் எந்தப் பலகையையும் சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம்.

வாங்கும்போது மூன்று கேள்விகள் போதும்: மேலே இருப்பது மரமா, படமா? உள்ளே இருப்பது ஒட்டுப்பலகையா, எம்.டி.எஃப்பா, துகள்பலகையா? பின்பக்கமும் ஒட்டியிருக்கிறதா? பதில்களைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ‘தேக்கு அலுமாரி’ என்று எழுதுவதும் ‘தேக்கு வெனியர், ஒட்டுப்பலகை’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடைசெய்கிறது. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. ஆனால் கையில் எழுத்து இல்லாத முறைப்பாடு வாய்ப்பேச்சாகவே முடியும்.

இதில் ஓடாவிமாருக்கும் நன்மை உண்டு. வெனியரை மறைத்து விற்கும் வரைக்கும் அதை நன்றாக ஒட்டத் தெரிந்தவருக்கும் அரைகுறையாக ஒட்டுபவருக்கும் ஒரே கூலிதான். அதை வெளிப்படையாகக் கேட்டு வாங்கும்போதுதான் ரேகை பொருத்தும் கைக்கு விலை வரும். தேக்கு நட்டு, அது அறுக்கும் பருவத்துக்கு வர பல பத்து ஆண்டுகள் எடுக்கும் ஒரு நிலத்தில், ஒரு மரத்தை நாற்பது வீடுகளுக்குப் பங்கிடத் தெரிந்த கைகள் நமக்கு வேண்டும்.