கணக்கில் வராத உழைப்பு

திட்டமிடுதலுக்கு அடிப்படை புள்ளிவிவரம். யார் உழைப்பாளி, எது உழைப்பு என்று வரையறுப்பதிலேயே ஒருதலைச் சாய்வு இருக்குமாயின், அதன்மீது எழும் திட்டமும் சாய்ந்தே நிற்கும். பெண்களின் உழைப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் தமிழ்க் குடும்பத்தினர் பலர். அவர்கள் பறிக்கும் கொழுந்து கிலோ கணக்கில் நிறுக்கப்பட்டுப் பதிவாகிறது. வேலைக்குப் புறப்படுமுன் சமைப்பதும், திரும்பியபின் பிள்ளைகளைப் பேணுவதும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றிற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர்.

வரையறையின் வலிமையை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நன்கு உணர்த்தும். 1961இல் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உழைப்பாளராகப் பதிவாயினர். 1971இல் ஒருவரின் முதன்மைப் பணி எது என்பதே அளவுகோலாக்கப்பட்டது. அவ்விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வீட்டு வேலையே தம் முதன்மைப் பணி எனக் கூறிய பெண்கள், வயலில் உழைத்தும் பட்டியலில் இடம்பெறவில்லை. கேள்வி மாறியதும் எண்ணும் மாறிற்று. 1981இல் முதன்மை உழைப்பாளர், குறுங்கால உழைப்பாளர் எனப் பிரித்துக் கணக்கிடப்பட்டது. 1991இல் குடும்ப நிலத்தில் கூலியின்றிச் செய்யும் வேலையையும் சேர்த்துக் கேட்கும் வகையில் வினா திருத்தப்பட்டது.

எண்ணிக்கை பிழைபட்டால் உரிமையும் பிழைபடும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள தோட்டங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வகை செய்தது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்களையும் அக்கணக்கில் சேர்க்க 1981இல் அது திருத்தப்பட்டது. எண்ணப்படாத ஒரு பெண்ணால் ஒரு தோட்டத்தின் காப்பகமே இல்லாமற் போகக்கூடும் என்பதை இவ்விதி காட்டுகிறது.

எண்ணப்படுவதோடு பேசும் இடமும் வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள், ஆண்கள் தலைமையிலான தொழிற்சங்கங்களை ஒதுக்கி, ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் 20 விழுக்காடு போனஸ் கோரிப் போராடி வென்றனர். அதுவரை அவர்கள் சார்பில் பிறரே பேசி வந்தனர்.

களப்பணியாளர் குடும்பத் தலைவரை மட்டும் கேட்டுப் படிவத்தை நிரப்பாது, பெண்ணையே நேரிற் கேட்டல் வேண்டும். “என்ன வேலை?” என்ற ஒற்றை வினாவிற்கு மாறாக, விடியல் முதல் இரவு வரை அவள் செய்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டறிதல் நலம். சரியான திட்டத்தின் முதற்படி சரியான கேள்வியே ஆகும்.