இரு முகவரியும் பார்த்து வழி சொல்லும் ரவுட்டர்

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் கார் உற்பத்தியும், ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ–நிசான் ஆலையும் தொடங்கிய பின், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் நாட்டின் முக்கிய உற்பத்திப் பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. உதிரிபாகங்கள் குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தாக வேண்டிய இத்தொழிலில், கேபிள் அறுந்து இணையம் நின்றால் கொள்முதல் ஆணைகளும் சரக்கு ஆவணங்களும் முடங்கும் என்பதால், இரு சேவை நிறுவனங்களிடம் தனித்தனி இணைப்புப் பெறுவது ஆலைகளுக்குப் பாதுகாப்பு. ஆயினும், இணைப்பு இரண்டானதும் வழி காட்டும் முறையும் மாற வேண்டியிருக்கிறது.

இணையத்தில் செல்லும் தகவல் பாக்கெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் பொறிக்கப்படுகின்றன. வழி காட்டும் கருவியான ரவுட்டர் வழக்கமாகப் பெறுநர் முகவரியை மட்டுமே பார்த்து அடுத்த வழியைத் தேர்கிறது. 32 பிட் நீளமுள்ள பழைய ஐபிவி4 முறையில், வெளியேறும் வாயிலிலேயே அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதும் பழக்கம் பரவியதால், இக்குறை பெரும்பாலும் மறைந்திருந்தது. 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முறையிலோ, இரு நிறுவனங்களும் தத்தம் முகவரித் தொகுதியை வழங்க, ஒரே கணினி இரண்டு முகவரிகளைப் பெறுகிறது.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. போலி அனுப்புநர் முகவரியோடு நடக்கும் தாக்குதல்களைத் தடுக்க, தாம் வழங்காத முகவரியுடன் வரும் பாக்கெட்டைச் சேவை நிறுவனங்கள் நிராகரிக்க வேண்டும் என 2000ஆம் ஆண்டில் வெளியான ஆர்எஃப்சி 2827 என்னும் இணைய ஆவணம் பரிந்துரைத்தது. ஆகவே, முதல் நிறுவனத்தின் முகவரியைத் தாங்கிய பாக்கெட் இரண்டாம் நிறுவனத்தின் வழியே புறப்பட்டால், அது சேருமிடம் சேராமல் வழியிலேயே கைவிடப்படலாம்.

இதற்குத் தீர்வு, இரு முகவரிகளையும் சேர்த்துப் பார்த்து வழி தேர்வதாகும். எந்த முகவரியிலிருந்து அனுப்புவது என்பதைக் கணினி முடிவு செய்ய, அந்த முகவரிக்குரிய வாயிலை ரவுட்டர் தேர்கிறது. ஒரே பாக்கெட்டுக்கு இரு விதிகள் பொருந்தினால் எதற்கு முதலிடம் என்னும் கேள்விக்கு, பிரான்சைச் சேர்ந்த மத்தியூ பூத்தியே, யூலியுஷ் க்ரோபோசெக் ஆகியோர் பேபல் என்னும் வழிகாட்டு நெறிமுறைக்காக எழுதிய ஆர்எஃப்சி 9079 (2021) தெளிவாக விடையளிக்கிறது: பெறுநர் முகவரியை முதலில் ஒப்பிட வேண்டும், அது சமமானால் மட்டுமே அனுப்புநர் முகவரியைப் பார்க்க வேண்டும். இதனால், ஆலைக்குள் உள்ள இயந்திரத்துக்குச் செல்ல வேண்டிய பாக்கெட் தவறியும் வெளி இணைப்புக்குப் போவதில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தில் அனுப்புநர் முகவரி சார்ந்த வழிவிதிகளை எழுதும் வசதி நெடுங்காலமாகவே உள்ளதால், சிறிய உதிரிபாகத் தொழிற்கூடமும் இதைச் செய்ய இயலும். இரண்டாம் இணைப்புக்குக் கட்டணம் செலுத்தும் ஒவ்வொரு தொழிற்கூடமும், ஒவ்வொரு முகவரியின் பாக்கெட்டும் அதற்குரிய வாயில் வழியே வெளியேறுகிறதா என்பதை முன்கூட்டியே சோதித்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.