ஒரு பானை, முப்பது முதலாளிகள்!

மாசக் கடைசியில், ‘கணக்கில் எழுதிக்குங்க’ என்று மெஸ்காரரிடம் சொல்லிவிட்டு நைஸாக நழுவுகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் இந்த மெஸ் கதை உங்களுக்குத்தான். இடம்தான் கொஞ்சம் தூரம். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் தலைநகர் லிமா!

1970-களின் கடைசி. மலைக் கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜனங்கள், லிமாவைச் சுற்றி மணல்மேடுகளில் குடிசை போட்டிருந்தார்கள். ஆண்களுக்கு வேலை நிச்சயமில்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு நிச்சயமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபது முப்பது பேர் கூடி யோசித்தார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு எதற்கு? ஒரே அடுப்பு, ஒரே பெரிய பானை! ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு மொத்தமாகச் சாமான் வாங்கி, முறை வைத்துச் சமைத்தார்கள். சூப், சோறு, பருப்பு. மெம்பர்களுக்கு மலிவு விலை. ரொம்பவும் முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம்.

“இதில் என்ன ஸார் பெண் விடுதலை? வீட்டு அடுப்பிலிருந்து தெரு அடுப்புக்கு டிரான்ஸ்ஃபர், அவ்வளவுதானே?” என்கிறீர்களா? நியாயமான கேள்வி. சம்பளம்கூடக் கிடையாது.

ஆனால் பொதுப் பானை என்றால் தலைவி வேண்டும், பொருளாளர் வேண்டும், ஸ்டோர் சாவிக்கு ஆள் வேண்டும். எல்லாம் தேர்தல்தான்! அரிசி எவ்வளவு வந்தது, எத்தனை தட்டு போனது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். டெபிட், கிரெடிட்டை நான் மூன்று வருஷம் பி.காம். படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாக்கள் கரண்டியும் கையுமாகவே கற்றுக்கொண்டார்கள்.

1984-ல் லிமா மேயர் அல்ஃபோன்சோ பர்ரான்தெஸ், ஏழைக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தினம் ஒரு கிளாஸ் பால் திட்டம் கொண்டுவந்தார். தெருத் தெருவாக விநியோகம்? இதே பெண்கள்தான். அதைச் சட்டமாக்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 1985 ஜனவரியில் சட்டம் வந்தே விட்டது!

1990 ஆகஸ்டில் அரசாங்கம் விலைக் கட்டுப்பாட்டைத் தூக்கியது. ஒரே ராத்திரியில் பெட்ரோல் விலை சுமார் 30 மடங்கு! அன்றைக்கு ஏழைகள் ஓடி வந்தது இந்தப் பானைகளைத் தேடித்தான்.

பானையைப் பார்த்துப் பயந்தவர்களும் உண்டு. ‘ஒளிரும் பாதை’ தீவிரவாதிகள், கஞ்சி ஊற்றி ஜனங்களின் கோபத்தைத் தணிக்கிறார்கள் என்று கறுவினார்கள். வீயா எல் சல்வடோர் பகுதிப் பெண்கள் கூட்டமைப்பின் தலைவியாக இருந்து, துணை மேயராகவும் ஆனவர் மரியா எலேனா மொயானோ. மிரட்டலுக்கு மசியவில்லை. 1992 பிப்ரவரி 14 அன்று தீவிரவாதிகள் கடையடைப்புக்கு உத்தரவிட, அதை எதிர்த்து ஊர்வலம் போனார். மறுநாள் அவரைச் சுட்டு, உடலை வெடி வைத்துச் சிதைத்தார்கள். வயது 33. இரண்டு பிள்ளைகளின் தாய்.

பானை அணைந்ததா? 2020-ல் கொரோனா ஊரடங்கில் வேலையும் கூலியும் போனபோது, லிமாவின் மேடுகளில் பெண்கள் மறுபடி பொதுப் பானை ஏற்றினார்கள். யாரும் உத்தரவு போடவில்லை.

போகட்டும், உங்கள் மெஸ் பாக்கியை ஒண்ணாம் தேதி மறக்காமல் கொடுத்துவிடுங்கள் ஸார். கரண்டி பிடிக்கிற கைக்குக் கணக்கும் தெரியும்!