கால் முறிந்தது தெரிகிறது; முறித்தது எது?

ஆலைச் சங்கு ஊதும் நேரம். நிரம்பி வழியும் பஸ்ஸின் படியில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கி வந்த தொழிலாளி ஒருவர், வளைவில் பிடி நழுவிக் கீழே விழுகிறார். தொடை எலும்பு முறிகிறது. உடன் வந்த தோழர்கள் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இந்தக் காட்சியைக் காணாத தொழிற்பேட்டை நம் நாட்டிலே உண்டா? அவருடைய சீட்டில் எழுதப்படுவது என்ன? "ஆர்.டி.ஏ.; தொடை எலும்பு முறிவு." அவ்வளவுதான்!

ஆர்.டி.ஏ. என்றால் சாலை விபத்து. படியிலிருந்து விழுந்தவரும் ஆர்.டி.ஏ. லாரி இடித்துத் தள்ளிய சைக்கிள்காரரும் ஆர்.டி.ஏ. சொந்தக் காரை ஓட்டிச் சென்று புளியமரத்தில் மோதிய சீமானும் ஆர்.டி.ஏ. நாம் கேட்ட சமத்துவம் இதுவல்ல!

எழுதுகோல் பிடிப்பவர்களின் வேலைதானே, இதிலே நமக்கென்ன என்று கருதும் தோழர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறோம். நோய்க்கும் காயத்துக்கும் சாவுக்கும் உலகம் முழுவதும் ஒரே விதமான குறியீடு இட வேண்டும் என்பதற்காக ஒரு பட்டியல் இருக்கிறது. பெர்த்தியோன் என்ற பிரெஞ்சு புள்ளிவிவர நிபுணர் 1893ல் முதலில் வைத்தது. 1948ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பதினோராம் பதிப்பு 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்துவிட்டது. எனினும் பத்தாம் பதிப்பை விடாத ஆஸ்பத்திரிகள் உலகெங்கும் உள்ளன. நாம் இங்கே பேசுவதும் அந்தப் பத்தாம் பதிப்பைப் பற்றித்தான்.

அந்தப் பதிப்பின்படி விபத்தில் அடிபட்டவருக்கு இரண்டு குறியீடுகள் வேண்டும். ஒன்று, உடம்பில் என்ன நேர்ந்தது என்பது. தொடை எலும்பு முறிவு என்றால் எஸ் 72. மற்றொன்று, எதனால் நேர்ந்தது என்பது. அதுதான் 'வி' வரிசை. முதலாவது டாக்டருக்கு வேண்டியது. இரண்டாவது நாட்டுக்கு வேண்டியது.

இந்த 'வி' வரிசையைப் படித்துப் பார்த்தால், அதை எழுதியவர்கள் தெருவில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. வண்டியை முதலில் கேட்கவில்லை, மனிதனைக் கேட்கிறது. நீ நடந்து போனாயா, சைக்கிளில் போனாயா, மோட்டார் சைக்கிளா, மூன்று சக்கர வண்டியா, காரா, லாரியா, பஸ்ஸா? அதற்குப் பிறகுதான் உன்னை இடித்தது எது என்ற கேள்வி. நடந்து போனவரைக் கார் இடித்தால் வி 03. லாரியோ பஸ்ஸோ இடித்தால் வி 04. சைக்கிளில் போனவரை லாரியோ பஸ்ஸோ இடித்தால் வி 14.

நம் பஸ் தொழிலாளிக்கு வருவோம். மோதல் எதுவும் இல்லாமல் பஸ்ஸிலிருந்து விழுந்தவருக்கு வி 78. அதற்குப் பின்னாலும் ஓர் இலக்கம் உண்டு. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்தால் 4. சாலையில் ஓடும் வண்டியின் வெளிப்புறத்தில் தொற்றியபடி வந்து விழுந்தால் 7. படிக்கட்டும் வெளிப்புறம்தான் என்று அந்தப் புத்தகமே விளக்கம் தருகிறது. 4 மிகுந்தால், ஆள் இறங்கி முடிக்குமுன் வண்டியை எடுக்கிறார்களா என்று கேட்கலாம். 7 மிகுந்தால், வேலை நேரத்துக்குப் போதிய பஸ் விடவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஓர் இலக்கத்தில் எத்தனை வாதம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

இன்னொன்றும் உண்டு. அடிபட்டபோது என்ன செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் ஓர் இலக்கம் சேர்க்கலாம். கூலிக்கு வேலை என்றால் 2. வேலைக்குப் போகும் நேரமும் திரும்பி வரும் நேரமும் அந்த 2லேயே அடக்கம். நம் நாட்டிலும் 2010ல் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தியபோது, வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்து, வேலையோடு அதற்குத் தொடர்பு இருந்தால், வேலையில் நேர்ந்ததாகவே கருதப்படும் என்று சேர்த்தார்கள். குறியீடு ஒன்றே பணம் வாங்கித் தந்துவிடாது. ஆனால் அன்றைக்கு எழுதிய சீட்டிலே வேலைக்குப் போன வழி என்று ஒரு வரி இருந்தால், பின்னால் வழக்காடும் சங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய துணை!

வெறும் ஆர்.டி.ஏ. என்று எழுதினால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள்: வி 89.2. இன்னதென்று குறிப்பிடப்படாத வாகன விபத்து. ஆர்.டி.ஏ. என்ற எழுத்துகளையே அந்த எண்ணுக்குக் கீழே அச்சிட்டிருக்கிறார்கள். குப்பைத் தொட்டிக்கு இலக்கம் போட்டது போல!

சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இரவு பகலாகச் செய்யும் வேலை இதே குறியீட்டு வேலைதான். யாருக்கு? அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு. 2015 அக்டோபர் முதல் அங்கே நடப்பில் உள்ள பட்டியலில், கார் ஓட்டியவர் இன்னொரு காரோடு மோதி அடிபட்டு முதல் சிகிச்சைக்கு வந்தார் என்பதற்கு மட்டும் ஏழு எழுத்துகள். விமான எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டவருக்குக்கூட ஒரு குறியீடு உண்டு. உறிஞ்சப்பட்டவர் மறு சிகிச்சைக்கு வந்தால் அதற்கும் தனி! கடல் கடந்த காயத்துக்கு ஏழு எழுத்து எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளின் தகப்பனார், இங்கே சைக்கிளில் போய் அடிபட்டால் மூன்றெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

2022ல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது சர்க்கார் கணக்கு. நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறக்குறைய 20 பேர் நடந்து போனவர்கள். இது போலீஸ் ஏட்டிலிருந்து எடுத்த கணக்கு. அதற்கு முந்தைய 2021ல் சர்க்கார் சொன்னது 1,53,972. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ 2 லட்சத்துக்கு மேல். இந்த இடைவெளியில் கிடப்பவர்கள் யார்? போலீஸ் ஏட்டில் ஏறாதவரை ஆஸ்பத்திரி ஏடாவது காட்டிக்கொடுக்க வேண்டாமா? அந்த ஏடும் வி 89.2 என்று வாயை மூடிக்கொண்டால், நடைபாதை கேட்டும் சைக்கிள் பாதை கேட்டும் மனு கொண்டுபோகும் நாம் எந்தக் கணக்கைக் காட்டுவது?

நள்ளிரவில் பத்துப் பேர் ரத்தத்தோடு காத்திருக்க, ஒற்றை ஆளாய் நிற்கும் டாக்டரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உயிரைக் காப்பதா, கதை எழுதுவதா? குறியீடு இடுபவரும் டாக்டர் எழுதாததைத் தாமாக எழுத முடியாது. ரிக்கார்டு அறைக்குப் பயிற்சி பெற்ற ஆட்களைப் போடுங்கள், விபத்துப் பிரிவில் நான்கு கேள்வி கேட்டு எழுத ஓர் ஆளை வையுங்கள் என்பதே நம் கோரிக்கை. படித்த பிள்ளைகளுக்கா பஞ்சம்?

அதுவரை, அடிபட்டவரைத் தூக்கிச் செல்லும் தோழர்கள் வெறுமனே ஆக்சிடெண்ட் என்று சொல்லிவிட்டுத் திரும்பவேண்டாம். எதில் வந்தார், இடித்தது எது அல்லது எங்கிருந்து விழுந்தார், ஓட்டினாரா உட்கார்ந்திருந்தாரா தொங்கினாரா, வேலைக்குப் போகும் வழியா என்று நிதானமாகச் சொல்லி, சீட்டில் எழுதியாயிற்றா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.