வெட்டும் சந்தாவும்: சம்பளச் சீட்டின் மொழி

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழில் ‘வெட்டு’ என்பது பொருள் வளம் மிக்க சொல். ரப்பர்க் காலத்தில் பால்வெட்டு. செம்பனை வந்தபின் குலைவெட்டு. தொழிலுக்குப் பெயரான அச்சொல்லே சம்பளச் சீட்டிலும் புகுந்துகொண்டது. ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் தொடங்கி வடக்கே சுங்கை பஞ்சாங் வரையில், சம்பள நாளன்று எழும் வினா, “வெட்டுப் போகக் கையில் எவ்வளவு?” என்பதே. அரசின் கொள்கை மாறும்போது எளியவர் பணப்பைக்கு நேர்வது யாது என்பதை இவ்வொரு சொல்லைக் கொண்டே விளக்க முயல்கிறோம்.

மலாயில் இதற்கு இரு சொற்கள் உள. கழிக்கப்படுவது ‘போத்தோங்கான்’, சேர்த்து வைக்கப்படுவது ‘சாருமான்’. ‘போத்தோங்’ என்பதற்கு வெட்டு என்பதே பொருள். நம் பேச்சு வழக்கு முதற்சொல்லை ஏற்று, இரண்டாவதை விட்டுவிட்டது எனக் கருதுகிறோம். நாளிதழ்கள் ‘சந்தா’ என எழுதினும் அச்சொல் தோட்ட வரிசை வீடுகளுக்குள் நுழையவில்லை. வெட்டியது போயிற்று என்றுதானே காது கேட்கும்?

உண்மையில் அது போவதன்று. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தொடக்கத்தில் தொழிலாளியும் முதலாளியும் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து வீதம் செலுத்தினர். இன்று தொழிலாளி பங்கு நூற்றுக்கு 11. மாதம் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் பெறுவோருக்கு முதலாளி பங்கு 13. ஆகவே 1,700 ரிங்கிட் சம்பளத்தில் 187 ரிங்கிட் ‘வெட்டு’ விழும்போது, முதலாளி 221 ரிங்கிட் சேர்க்கிறார். கணக்கில் ஏறுவது 408 ரிங்கிட். ‘வெட்டு’ என்னும் சொல் சிறிய தொகையைக் காட்டிப் பெரிய தொகையை மறைக்கிறது.

குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் பயனையும் இதே கண்ணால் நோக்குதல் வேண்டும். 2013 சனவரியில் தீபகற்பத்தில் அது 900 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700. கையில் வரும் உயர்வை மட்டுமே மக்கள் பேசுவர். சேமநிதியில் மாதந்தோறும் ஏறும் தொகையும் 216இலிருந்து 408ஆக உயர்ந்ததைப் பேசுவோர் அரியர். கடைத்தெருவின் விலையேற்றம் முதல் உயர்வை விரைவில் விழுங்கிவிடும் என்பது வேறு செய்தி.

இனி, கொள்கை மாற்றம் ஓசையின்றி நுழையும் இடத்துக்கு வருவோம். பொருளியல் நெருக்கடி வரும்போதெல்லாம் தொழிலாளியின் பங்கை அரசு குறைத்திருக்கிறது: 2009இலும் 2016இலும் நூற்றுக்கு 8, 2020 ஏப்ரலில் 7, 2021இல் 9. மக்கள் கையில் பணம் புழங்கவேண்டும் என்பதே நோக்கம். 1,100 ரிங்கிட் பெற்றவருக்கு 2020 ஏப்ரல் முதல் மாதம் 44 ரிங்கிட் கூடுதலாகக் கிட்டியது. ‘வெட்டுக் குறைந்தது’ என மகிழ்ந்தனர். ஒன்பது மாதத்தில் 396 ரிங்கிட்டும் அதற்குரிய இலாப ஈவும் முதுமைக் கணக்கில் சேராமற் போயின. பழைய வீதமே தொடரவேண்டும் என விரும்பியவர் படிவம் நிரப்பவேண்டியிருந்தது. நிரப்பாதவர்க்குத் தானாகவே குறைந்தது. மௌனம் சம்மதமாகக் கொள்ளப்பட்டது. நடவு காலங் கடந்து விதை நெல்லைத் தேடும் உழவன் நிலைதான், படிவத்தைப் பின்னர் அறிந்தவர்க்கு.

பெருந்தொற்றுக் காலத்தில் நான்கு திட்டங்களின் வழி உறுப்பினர் எடுத்த பணம் ஏறத்தாழ 145 பில்லியன் ரிங்கிட். அடுப்பெரியாத வீட்டில் அதனைக் குறைகூற நமக்கு மனம் வராது. ஆயின் தோட்டத் தொழிலாளியின் நிலை நகரத்தார் நிலையன்று. அவர் வாழ்ந்தது நிருவாகத்தின் வீடு. ஓய்வு பெற்றால் அதனை விட்டு நீங்கவேண்டும். பட்டணத்து விளிம்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டப் பலருக்கு இருந்த ஒரே கைமுதல் இந்நிதிதான். ஆதலின் ஒருவர் ஐயாயிரம் எடுத்தார் என்பதும் மற்றொருவர் ஐயாயிரம் எடுத்தார் என்பதும் ஒரே செய்தியல்ல.

2024 மே 11 முதல், 55 வயதுக்குட்பட்டோர் கணக்கு மூன்றாகப் பிரிந்தது. ‘பெர்சாராஆன்’, அதாவது ஓய்வுக்காலக் கணக்குக்கு நூற்றுக்கு 75. ‘செஜாத்ரா’, அதாவது நல்வாழ்வுக் கணக்குக்கு 15. ‘பிளெக்சிபல்’ கணக்குக்கு 10. மேற்சொன்ன 408 ரிங்கிட் இவ்வாறு 306, 61.20, 40.80 எனப் பங்கிடப்படும். மூன்றாவதிலிருந்து எப்போது வேண்டுமாயினும் எடுக்கலாம். ஒரு முறைக்குக் குறைந்தது 50 ரிங்கிட். அக்கணக்கை ‘நெகிழ்வுக் கணக்கு’ எனப் பெயர்ப்பது சொல்லளவில் சரியே. எனினும், கேட்டவுடன் பொருள் விளங்கவேண்டின் ‘அவசரக் கணக்கு’ என்பதே பொருத்தம் என்போம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூற்றுவீதம் கற்பிக்கும் நாளில் வீட்டிலிருந்து ஒரு சம்பளச் சீட்டை, பெயரை மறைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ‘பெக்கெர்ஜா’ என்னும் நிரலில் தொழிலாளி பங்கும், ‘மஜிக்கான்’ என்னும் நிரலில் முதலாளி பங்கும் இருக்கும். இரண்டையும் கூட்டி, அதன் மேல் ‘சந்தா’ எனத் தமிழில் எழுதச் செய்யுங்கள். முதலாளி பங்கு சீட்டில் இல்லையெனின், கிராணியிடம் அதனைக் கேட்டறியுமாறு பெற்றோருக்கு எழுதி அனுப்புங்கள்.